காருக்கு மாட்டிய சங்கு

கார் என்னுடையது இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சம்பவத்தை யாரிடம் ஆரம்பித்தாலும் பாதியில் நிறுத்தி, "நீ எப்போபா கார் வெச்சிருந்தே?" என்று கேட்கிறார்கள். நான் சைக்கிள் வைத்திருந்தேன். அதற்கு மணிகூடக் கிடையாது. கார் வேறு ஒருவருடையது. ஹாரன் வேண்டும் என்று கேட்டதும் அவர்தான். அதனால் போக இருந்த வேலை மட்டும் என்னுடையது.

அறுபதுகளின் கடைசியில் திருவொற்றியூரில், எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த ஒரு தொழிற்சாலையில் இருந்தேன். எண்ணெய் கம்பெனிகளுக்கு இரும்பு டிரம் செய்துகொடுக்கிற இடம். தகட்டை வளைத்து, ஒட்டி, பெயிண்ட் அடித்து, பெரிய அடுப்புக்குள் வைத்துக் காயவைத்து எடுப்பார்கள். நாள் முழுக்க இடி இடிப்பது போல் இருக்கும். பக்கத்தில் நிற்பவன் பேசுவது கேட்காது, வாயைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். என் வேலை கம்ப்ரசர் அறையில். காற்றை அழுத்திக் குழாய்களில் அனுப்பும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வது. அதே காற்றில்தான் சங்கும் ஊதியது. கூரைமேல் பித்தளையில் ஒரு பழைய கப்பல் ஊதல் நின்றது. அறைக்குள் ஒரு சங்கிலி தொங்கும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நான் இழுக்க வேண்டும். காலை ஏழுக்கு வேலை தொடங்க, பன்னிரண்டுக்குச் சாப்பாட்டுக்கு, மூன்று மணிக்கு ஷிப்டு மாற.

எங்கள் பக்கத்தில் கைக்கடிகாரம் கட்டியவர்கள் குறைவு. சங்கு இருந்ததால் யாருக்கும் அது தேவைப்படவில்லை. சங்கு ஊதினால் ஆட்கள் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு நிற்பார்கள். கேட்டுக்கு எதிரே டீக்கடைக்காரர் கிளாஸ்களை வரிசையாக வைத்து ஊற்ற ஆரம்பிப்பார். பின்னால் குடியிருப்பில் பெண்கள் உலையில் அரிசி போடுவார்கள். சங்கிலியை இழுக்கிற கை என்னுடையதாக இருந்ததில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

என் அப்பாவும் அண்ணன்களும் நெட்டுக்குப்பத்தில் கட்டுமரத்தில் போனவர்கள். எங்கள் வீட்டில் நிரந்தர வேலை என்று ஒன்று பார்த்தவன் நான் ஒருவன்தான். அந்த 'நிரந்தரம்' என்ற சொல்லைக் கேட்டுத்தான் என் மாமனார் பெண்ணையே கொடுத்தார். என் முகத்தைப் பார்த்துக் கொடுக்கவில்லை. இதை என் மனைவியே பலமுறை சொல்லியிருக்கிறாள்.

காருக்கு வருகிறேன். முதலாளியின் அக்கா மகன் ஒருவர் சீமையில் படித்துவிட்டு வந்து எங்களுக்கு உற்பத்தி அதிகாரி ஆனார். நாங்கள் அவரைச் சின்னவர் என்போம். சின்னவர் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தார். பச்சை நிறம். இரண்டே சீட்டு, கூரை கிடையாது, மழை வந்தால் இழுத்துப் போட ஒரு துணி. அவ்வளவு தாழ்வு. கதவுக்கு வெளியே கையைத் தொங்கவிட்டால் விரல் ரோட்டில் உரசும். சோழவரத்தில் பந்தயத்துக்குப் போகப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். போனதாக எனக்குத் தெரியாது.

பந்தயம் இருக்கட்டும், ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வருவதே அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. அந்த ரோட்டில் துறைமுகத்து லாரி, மாட்டு வண்டி, கைவண்டி, காசிமேட்டிலிருந்து கூடையோடு வரும் பெண்கள், எருமை. மேலே உட்கார்ந்திருக்கும் லாரி டிரைவருக்குக் கார் கண்ணில் படாது. லாரிச் சக்கரமும் சின்னவர் தலையும் ஒரே உயரம். அவர் ஹாரன் அடிப்பார். கார் செய்தவர்களே மாட்டி அனுப்பிய ஹாரன். 'க்கீய்ங்' என்று ஒரு சத்தம் வரும். சீமையில் அதைக் கேட்டு ஒதுங்குகிறவர்கள் இருந்திருக்கலாம். இங்கே யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் காசிமேட்டு அம்மா ஒருத்தி, ஒருநாள் கேட்டுக்கு முன்னால் ரோட்டின் நடுவில் போய்க்கொண்டிருந்தாள். பின்னால் சின்னவர் 'க்கீய்ங், க்கீய்ங்' என்று அடித்தபடி ஊர்ந்தார். அவள் கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நிதானமாகத் திரும்பினாள்.

"இன்னாயா இது? உள்ள கொசுவ அடைச்சி வெச்சிகினு கீறியா? பாவம், கத்துது பாரு, தொறந்து வுடு."

டீக்கடையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். சின்னவர் அன்று மத்தியானமே என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உனக்கு எலெக்ட்ரிக் வேலை தெரியுமாமே?"

"தெரியும் சார்."

"இந்த ஹாரனை மாத்தணும். நான் வர்றேன்னு நாலு பேருக்குத் தெரியணும்."

அது என் வேலை இல்லை. அவர் அதிகாரி. அன்றைய நிலையில் இந்த இரண்டு வாக்கியத்தில் இரண்டாவதுதான் செல்லும்.

முதலில் லாரி ஹாரன் இரண்டு வாங்கிவந்து முன்பக்கம் மாட்டினேன். சத்தம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சின்ன காரின் பழைய வயரும் பொத்தானும் அத்தனை கரண்டுக்குச் செய்யப்பட்டவை அல்ல. ஹாரன் அடித்தால் முன்விளக்கு மங்கியது. கரண்டைத் தாங்க நடுவில் ரிலே என்று ஒரு சுவிட்ச் வைக்க வேண்டும், வாங்கிக்கொடுங்கள் என்றேன். பார்க்கலாம் என்றார். மூன்றாம் நாள் பொத்தானுக்குள் தகடு ஒட்டிக்கொண்டு, ஹாரன் நிற்காமல் அலற ஆரம்பித்துவிட்டது. தேரடியிலிருந்து தொழிற்சாலை வரைக்கும் அலறியபடியே வந்தார். ஒரு குறையும் சொல்ல முடியாது, எல்லோரும் வழிவிட்டார்கள். நான் ஓடிப்போய் பேட்டரி வயரைப் பிடுங்கினேன்.

"ரிலே வெச்சா சரியாப்பூடும் சார்," என்றேன் மறுபடி.

அதற்குள் அவர் ஆசை பெரிதாகிவிட்டது. கரண்டில் ஓடுவதே வேண்டாம் என்றார். "நம்ம சங்கு எதில ஊதுது? காத்துலதானே? அந்த மாதிரி ஒண்ணு காருக்கு வை."

இதை அவர் சொன்னார். நான் சொல்லவில்லை. பின்னால் பழி என் தலையில் விழுந்ததால் குறிப்பிட்டுச் சொல்கிறேன்.

ராயபுரத்தில் துறைமுகச் சுவரை ஒட்டி, உடைத்த கப்பல்களின் சாமான்களை விற்கும் ஒரு பாய் கடை இருந்தது. நங்கூரச் சங்கிலி, விளக்கு, கழிவறைக் கதவு எல்லாம் கிடைக்கும். சின்னவர் என்னைப் பக்கத்துச் சீட்டில் உட்காரவைத்து அங்கே ஓட்டிக்கொண்டு போனார். முழங்கால் என் தாடையில் இடித்தது. கடைக்கார பாய் ஏதோ இழுவைப் படகிலிருந்து கழற்றிய ஒரு பித்தளை ஊதலை எடுத்துக்கொடுத்தார். முழங்கை நீளம் இருந்தது.

"எந்த போட்டுக்கு ஸாப்?"

"காருக்கு."

"கார் எங்கே?"

"தோ நிக்குதே," என்றேன்.

பாய் எட்டிப் பார்த்தார். காரை ஒரு தடவை, ஊதலை ஒரு தடவை. "ஹாரனுக்கு கார் மாட்டப் போறீங்களா?" என்றார். சின்னவருக்கு அது பாராட்டாகத் தெரிந்தது. சிரித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொழிற்சாலை மூடியிருந்தபோது, எல்லாவற்றையும் மாட்டினேன். சீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய லாரி பிரேக்கின் காற்றுத் தொட்டி. அதிலிருந்து ஒரு செப்புக் குழாய், முன்பக்கச் சல்லடைக்குப் பின்னால் படுக்கவைத்த ஊதலுக்கு. கைபிரேக் பக்கத்தில் ஒரு பிடி. அதை இழுத்தால் காற்று திறக்கும். தினமும் காலையில் கார் என் கம்ப்ரசர் அறைக்கு வந்து காற்று நிரப்பிக்கொள்ள வேண்டும். தொட்டியில் அடங்கும் காற்று சில்லறை ஊதலுக்கு ஒரு நாளைக்குப் போதும். ஒரேயடியாக இழுத்துப் பிடித்தால் தீர்ந்துவிடும்.

முதலில் ஊதிப் பார்த்தபோது சின்னவர் முகம் சுளித்தார். "ரயில் எஞ்சின் மாதிரி கீச்சுனு இருக்கு. கொஞ்சம் கம்பீரமா வேணும்."

அந்த ஊதலில் மேலே ஒரு கிண்ணம் கவிழ்ந்திருக்கும். அது திருகில் நிற்கிறது. நட்டைத் தளர்த்தி மேலே தூக்கினால் குரல் தடிக்கும், இறக்கினால் கீச்சும். கொஞ்சம் தூக்கினேன், ஊதினேன். இன்னும் தூக்கினேன், ஊதினேன். ஒரு இடத்தில் எனக்கே 'இது சரி' என்று பட்டது. நட்டை இறுக்கினேன். சின்னவர் கைதட்டினார்.

எனக்குச் சங்கீதம் தெரியாது. வருஷக்கணக்காக நான் ஊதிக் கேட்ட சத்தம் ஒன்றே ஒன்று. என் காதுக்குச் சரியான சத்தம் என்றால் அதுதான். வேறொருவன் அந்த நட்டை இறுக்கியிருந்தால் வேறு எங்காவது நின்றிருக்கும்.

சில வாரங்கள் ஒன்றும் நடக்கவில்லை. சின்னவர் 'பூப், பூப்' என்று சின்னச் சின்னதாக ஊதினார். லாரிகள் பயந்து ஒதுங்கின. ஒரு மாடு வண்டியை இழுத்துக்கொண்டு வேலிக்குள் போயிற்று. காலையில் கார் என் அறை வாசலில் வந்து நிற்கும். என்னோடு வேலை பார்த்தவர் ராயபுரத்து ஆள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவார், மற்ற ஆறு நாளும் வாயில் கெட்ட வார்த்தைதான். அவர் காரைப் பார்த்ததும், "தோ, நாஸ்தாக்கு வந்துட்சி," என்பார். நான் குழாயை மாட்டி நிரப்புவேன்.

அப்புறம் அந்த நாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சின்னவர் திரும்பி வருகிறார். எங்கள் கேட்டுக்கு நேர் எதிரே உப்பு ஏற்றிவந்த மாட்டு வண்டி ஒன்று அச்சாணி கழன்று குறுக்கே சாய்ந்து கிடக்கிறது. வண்டிக்காரன் சக்கரத்துக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறான். சின்னவர் 'பூப்' என்றார். வண்டிக்காரன் அங்கிருந்தே கையை ஆட்டி, இரு என்றான். அது போதும். சின்னவர் பிடியை இழுத்தார், விடவேயில்லை. தொட்டி தீரும்வரை.

நான் அப்போது எண்ணெய் டப்பாவோடு கம்ப்ரசர் பக்கத்தில் நின்றிருந்தேன். சங்கு ஊதியது. நான் என் கையைப் பார்த்தேன். கையில் எண்ணெய் டப்பாதான் இருந்தது. சங்கிலியைப் பார்த்தேன். அது ஆடவில்லை. கடிகாரத்தில் மூன்று ஆக இன்னும் நிறைய இருந்தது. ராயபுரத்துக்காரர் ஏற்கெனவே சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"யோவ், எங்க போற? நான் ஊதல," என்றேன்.

"நீ ஊதலன்னா ஆவியா ஊதுச்சி?" என்றார், பொத்தான் போட்டபடி.

ரோட்டுச் சுவரை ஒட்டி இருந்த பட்டறையில்தான் அது நன்றாகக் கேட்டிருக்கிறது. அவர்கள் வெளியே வந்தார்கள். அவர்கள் போவதைப் பார்த்து அடுத்த பட்டறை வந்தது. வீட்டுக்குப் போகிறவனைப் பார்த்த பிறகு கடிகாரத்தைத் தேடுகிற தொழிலாளியை நான் கண்டதில்லை. மொத்த ஷிப்டும் கேட்டைத் தாண்டியது. எதிரே டீ ஊற்றியாகிவிட்டது. அடுத்த ஷிப்டு ஆட்கள் இன்னும் வந்துசேரவில்லை. அடுப்புக்குள் பெயிண்ட் காய்ந்துகொண்டிருந்த டிரம்களை வெளியே எடுக்க ஒரு ஆள் இல்லை. எடுக்கும்போது எல்லாம் கருகி, அடுப்புக்கரி மாதிரி இருந்தது.

கருகிய டிரம்முக்கு ஒரு ஆள் வேண்டும். சங்கு ஊதுவது யார்? நான். மறுநாளே ஒரு தாளைக் கையில் கொடுத்துவிட்டார்கள். 'குறித்த நேரத்துக்கு முன் வேண்டுமென்றே சங்கு ஊதி உற்பத்திக்கு நஷ்டம் விளைவித்ததாக'க் குற்றச்சாட்டு. விசாரணை முடியும்வரை உள்ளே வரக்கூடாது. நிரூபணமானால் வேலை நீக்கம்.

ராயபுரத்துக்காரர் அதை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுச் சொன்னார்: "மாமே, ஊருக்கே நீ சங்கு ஊதினே. இப்ப உனக்கு ஊதிட்டானுங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேராகச் சின்னவர் அறைக்குப் போனேன். "சார், ஊதினது உங்க காரு. வண்டிக்காரன் பாத்தான், கேட்ல வாட்ச்மேன் பாத்தான். நீங்களே சொல்லிடுங்க," என்றேன்.

அவர் பொய் சொன்னார் என்று இத்தனை வருஷம் நினைத்திருக்கிறேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அவருக்கு உண்மையாகவே கோபம் வந்தது. "என் கார் ஹாரனும் உன் ஓட்டைச் சங்கும் ஒண்ணா?" என்றார். அவர் காதுக்கு அது வேறு ஏதோ. பெரிய கப்பல், வெள்ளைத் துணி போட்ட மேஜை, அந்த மாதிரி. வாட்ச்மேனைக் கேட்டேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தான் அந்த நேரம் பின்பக்கம் ஒதுங்கப் போயிருந்ததாகச் சொன்னார். அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். அன்றைக்கு அவரைத் திட்டிவிட்டுத்தான் வந்தேன்.

வீட்டில் உட்கார்ந்தேன். அது வேலையில் இருப்பதைவிடக் கஷ்டம். ஏழு மணிச் சங்கு ஊதும், கை தானாகத் தூக்கும். இப்போது ராயபுரத்துக்காரர்தான் இழுத்தார். இழுத்து முடிக்கும்போது ஒரு சின்ன விக்கல் விழும், சங்கிலியைச் சட்டென்று விடுகிறவர். தெருவில் போகிறவர்கள் வேறு. மீன்காரம்மா வாசலில் கூடையை இறக்கிவிட்டு, "இன்னா நைனா, சோறு வேகறதுக்கு முன்ன ஊதிட்டியாமே. இன்னா அவசரம், வூட்ல பொண்டாட்டி தேடினாளா?" என்றாள்.

உள்ளேயிருந்து என் மனைவி வெளியே வந்தாள். "அவுரு ஊதல. அந்தக் கொசு வண்டிக்காரன் ஊதினான்."

"அந்தக் கொசுவா?" என்றாள் மீன்காரம்மா. "அது இப்ப கப்பலாட்டம் கத்துதே?"

"இவுருதான் மாட்டிக் குடுத்தாரு. அதுக்குத்தான் இப்ப வேல போவுது."

மீன்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கையால சங்க மாட்டி குட்த்துட்டு, ஒக்காந்துகினு கீறியா? கஸ்மாலம்." பிறகு என் மனைவி பக்கம் திரும்பி, சங்கரா மீன் வேண்டுமா என்று கேட்டாள். வாங்கும் நிலையில் நாங்கள் இல்லை என்று அவளுக்குத் தெரியும். கொடுத்துவிட்டுப் போனாள்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது என் மனைவி கேட்டாள். "யோவ், வெசாரணைல இன்னா சொல்லப் போற?"

"காரைக் கொண்டாந்து ஊதச் சொல்லுவேன். காது இருக்கறவன் கேக்கட்டும்."

"வேணாம்னா?"

"அப்போ வேல போச்சு. நெட்டுக்குப்பம் போவ வேண்டிதுதான். அண்ணன் கட்டுமரத்துல எடம் குடுப்பான்."

எனக்குக் கடலில் வாந்தி வரும் என்பது அவளுக்குத் தெரியும்.

விசாரணை ஒரு காலை நேரத்தில், ஆபீஸ் கட்டடத்தில், ரோட்டைப் பார்த்த அறையில் நடந்தது. நடத்தியவர் வெளியிலிருந்து கம்பெனி வரவழைத்த ஒரு வக்கீல். கெட்டவர் இல்லை. தினமும் இரண்டு மூன்று தொழிற்சாலையில் இப்படி விசாரிக்கிறவர் என்பதால் அந்த அடையாளங்கள் இருந்தன. மூலையில் டிபன் கேரியர், மேஜையில் பேனா, பக்கத்தில் டைப் அடிக்க ஒரு குமாஸ்தா. கம்பெனி தரப்பில் மேலாளர்.

"சங்கு ஊதும் பொறுப்பு உங்களுடையதுதானே?"

"ஆமா சார்."

"அன்று சங்கு நேரத்துக்கு முன் ஊதியது, இல்லையா?"

"ஊதுச்சு சார். நான் ஊதல. ஊதினது காரு."

குமாஸ்தா டைப் அடிப்பதை நிறுத்தி வக்கீலைப் பார்த்தார். அடிக்கலாமா என்று பார்வை. வக்கீல், அடிக்க வேண்டாம் என்று தலையாட்டினார்.

"சார், அந்தக் காரை வாசல்ல நிறுத்தி ஒரு தடவை ஊதச் சொல்லுங்க. அப்புறம் நீங்க இன்னா எழுதினாலும் சரி."

மேலாளர், அது ஒரு அதிகாரியின் சொந்த வாகனம் என்றார். வக்கீல், "வாகனங்கள் இந்த விசாரணையின் வரம்புக்குள் வரவில்லை," என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் எழுந்து கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன், அச்சில் போட முடியாது. உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். வக்கீல் என்னிடம் கடைசியாகக் கேட்டார்: "வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?"

முடிந்தது என்றுதான் நினைத்தேன். அப்போது ஜன்னல் வழியாக ஒரு குரல் கேட்டது. காசிமேட்டுக் குரல்.

"எங்க போவச் சொல்ற? கூட கவுந்துட்சி, மீனு கீய கெடக்குது, கண்ணு தெரீல? பொறுக்கிகினுதான கீறோம்?"

'பூப்' என்றது ரோட்டில்.

"அடிடா, நல்லா அடி. நீ அட்ச்சா எம் மீனு எயுந்து ஓடிடுமா?"

அதற்கு மேல் இன்னொரு பெண் குரல் சேர்ந்தது. "ஏன்கா, இம்மாத்தூண்டு வண்டிய அந்தாண்ட தூக்கி வெச்சிட்டு போவ முடியாதா இவனால?"

அது என் மனைவி. பத்து வருஷம் கூட இருந்த குரல் எனக்குத் தெரியாதா.

பிறகு ஊதியது. நீளமாக, கனமாக, இடைவெளி இல்லாமல். தெரியாமல் கேட்டிருந்தால் நானே என் கையைப் பார்த்திருப்பேன். அந்த முறை நான் கையைப் பார்க்கவில்லை, மேஜையைப் பார்த்தேன்.

குமாஸ்தா டைப் மெஷினிலிருந்து தாளை உருவினார். மேலாளர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். வக்கீல் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகி, "சரி, சாப்பிட்டுவிட்டுத் தொடரலாம்," என்று எழுந்து, மூலைக்குப் போய், டிபன் கேரியரைக் கையில் எடுத்தார். வெளியே பட்டறைக் கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது. ஆட்கள் பேசிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள்.

நான் மட்டும் உட்கார்ந்தபடி இருந்தேன்.

"சார்," என்றேன். "மணி பாருங்க."

வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு ஆகவில்லை. கிட்டத்தில்கூட இல்லை. அவர் டிபன் கேரியரோடு கொஞ்ச நேரம் நின்றார். அதைக் கீழே வைப்பதா, பிடித்துக்கொள்வதா என்று அவருக்குத் தெரியவில்லை. மேலாளர் ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தார். உள்ளே ஓடுங்கள் என்று கீழே ஆட்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். மேலாளர் டாட்டா காட்டுகிறார் என்று நினைத்து அவர்களும் பதிலுக்குக் கையை ஆட்டினார்கள்.

"இப்ப ஊதினதும் நான்தானா சார்?" என்று கேட்டேன்.

வக்கீல் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். குமாஸ்தாவிடம் வேறு தாள் போடச் சொன்னார்.

பிறகு தெரிந்தது, மூன்று பேர் சேர்ந்து செய்திருக்கிறார்கள். கூடையைக் கவிழ்த்தது மீன்காரம்மா. நேரம் பார்த்து நின்றது என் மனைவி. வழி மறித்தால் சின்னவர் பிடியை விடமாட்டார் என்று கணக்குப் போட்டதும் அவள்தான். அன்று காலை கார் நாஸ்தாவுக்கு வந்தபோது தொட்டியை வெடிக்கிற அளவுக்கு நிரப்பி அனுப்பியவர் ராயபுரத்துக்காரர். "மாதா மேல ஆணையா சொல்றேன், இன்னும் ரெண்டு மூச்சு ஏத்திருந்தா சின்னவரு ராக்கெட்ல போயிருப்பாரு," என்றார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று மனைவியைக் கேட்டேன். "சொன்னா நீ உள்ள போயி அத்தயும் கத்தி ஒடச்சிருப்ப," என்றாள். அது உண்மை.

குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை என்று தீர்ப்பு வந்தது. ஊதியது இன்னதென்று அறியப்படாத ஓர் ஒலி என்று எழுதியிருந்தார்கள். கார் என்ற சொல் எங்கும் இல்லை. ஆனால் கம்பெனிக் காற்றைச் சொந்த வாகனத்துக்குக் கொடுத்ததற்காக எனக்கு எச்சரிக்கை இருந்தது. யாருடைய சொந்த வாகனம் என்று அதிலும் இல்லை. படித்தால் என்னுடைய கார் என்றுதான் தோன்றும்.

வேலைக்குத் திரும்பிய அன்று எனக்குக் கொடுத்த முதல் வேலை, அந்த ஊதலைக் கழற்றிவிட்டுப் பழைய ஹாரனை மாட்டுவது. சின்னவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மாட்டி முடித்துப் பொத்தானை அமுக்கினேன். 'க்கீய்ங்' என்றது. "போதுமா சார்?" என்றேன். அவர் ஏறி உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போனார். நான் உள்ளே போனேன்.

மூன்று மணிக்கு முன்பே சங்கிலிக்கு அடியில் போய் நின்றேன். ராயபுரத்துக்காரர் சட்டையை மாட்டாமல் சுவரில் சாய்ந்து நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடிகார முள் வந்ததும் இழுத்தேன். நன்றாக, நீளமாக, விக்கல் இல்லாமல். விட்டேன்.

பட்டறையில் இடி நிற்கவில்லை. ஒருவன்கூட வெளியே வரவில்லை. டீக்கடைக்காரர் கெட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஊற்றலாமா வேண்டாமா என்று எங்கள் கூரையைப் பார்த்தபடி நின்றார். மறுபடி இழுத்தேன். சுவரோரப் பட்டறைக் கதவு கொஞ்சம் திறந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"இன்னாபா, ஊதினது நீயா, காரா?"

"நான்தான்டா!" என்று வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். "நான்தான்! போங்கடா வூட்டுக்கு!"